ஊரை விட்டு ஓடினவங்களுக்கு மனசைப் பத்தி என்ன தெரியும்?

நடுவர் ஐயாவுக்கும் எல்லாருக்கும் வணக்கம், நேரம் கம்மி. மனசைச் சரியாப் புரிஞ்சுக்கிட்டது எகிப்து பாலைவனத்துல இருந்த ஆதி கிறிஸ்தவத் துறவிகளா, இன்றைய உளவியலாங்கிறது தலைப்பு, நான் துறவிங்க பக்கம்.

எனக்கு முன்னாடி பேசின எதிரணி அக்கா ஒண்ணு சொன்னாங்க, நீங்களும் விசிலடிச்சீங்க. "குடும்பம், ஆபீஸ், இஎம்ஐ எதுவும் வேணாம்னு ஊரை விட்டு ஓடின ஆளுங்ககிட்ட போய் மனசைப் பத்திக் கேக்கலாமா"ன்னாங்க. நாலு பாயிண்ட் எழுதி வச்சிருந்தேன், அது கெடக்கட்டும், இதுக்குப் பதில் சொல்லாம இறங்கினா எனக்கு வீட்ல சோறு கிடையாது.

ஆமாக்கா, ஓடினாங்க. எவாக்ரியுஸ்னு ஒருத்தர், 4-ம் நூற்றாண்டு, கான்ஸ்டான்டிநோபிள்ல, அதாவது இன்னைய இஸ்தான்புல்ல, வாதம்னு உக்காந்தா எதிராளிய உண்டு இல்லன்னு ஆக்கிடுவாரு, அவ்வளவு பேரு. அவருக்குப் பெரிய அதிகாரி ஒருத்தரோட மனைவி மேல ஆசை வந்துருச்சு, அந்தம்மாவுக்கும் இவர் மேல. ஒரு ராத்திரி கனவுல இவரைப் புடிச்சு விலங்கு மாட்டிட்டாங்க, பயத்துல "ஊரை விட்டே போயிடறேன்"னு சத்தியம் பண்ணிட்டாரு. முழிச்சுப் பாத்தா எல்லாம் கனவு! நாமளா இருந்தா அப்பாடான்னு திரும்பிப் படுத்திருப்போம். அவரு கனவுல பண்ணாலும் சத்தியம் சத்தியம்தான்னு சாமானெல்லாம் கட்டிக் கப்பல்ல ஏத்திட்டாரு. ஜெருசலேம் போய், அங்க காய்ச்சல்ல மாசக்கணக்கா கெடந்து, கடைசியா எகிப்து பாலைவனத்துல கெல்லியாங்கிற எடத்துல ஒரு அறை. 399-ல சாகற வரைக்கும் அங்கதான்.

சரி, ஓடி வந்தாச்சு, மனசு நின்னுச்சா? அறையில உக்காந்த துறவிக்கு என்ன ஆகும்னு எழுதி வச்சிருக்காரு பாருங்க. காலைல பத்து மணி வாக்குல ஒரு சலிப்பு ஆரம்பிக்குமாம், ரெண்டு மணி வரைக்கும் விடாதாம். சூரியன் நகரவே நகராது, பகல் அம்பது மணி நேரம் மாதிரி இழுக்கும். ஜன்னல்ல எட்டிப் பாப்பாரு. வெளிய வந்து சூரியனை அண்ணாந்து பாப்பாரு, ஏன்னா சாப்பாடு மூணு மணிக்குத்தான். யாராவது வராங்களான்னு இந்தப் பக்கம் பாப்பாரு, அந்தப் பக்கம் பாப்பாரு. சிரிக்காதீங்க, உங்க ஆபீஸ் பதினொன்றரை மணி இதுதானே, ஜன்னலுக்குப் பதிலா போனு!

இன்னும் இருக்கு. அப்புறம் மனசு பேச ஆரம்பிக்கும். இந்த எடமே சரியில்ல, இந்த வேலையே சரியில்ல, இங்க எவனுக்கும் பாசமே இல்ல, வேற எடம் போனா இதைவிட நல்லா இருக்கும். அதோட விடுமா, "கடவுளை எங்க இருந்தாலும் கும்பிடலாமே"ன்னு தத்துவம் வேற பேசும்! அக்கா, ரிசைன் லெட்டர் டைப் பண்றவங்க மனசுக்குள்ள ஓடறதை 1,600 வருஷம் முன்னாடி வரிக்கு வரி எழுதி வச்ச ஆளைத்தான் நீங்க ஓடிப்போனவருங்கறீங்க. ஊர்ல இருந்தா மேனேஜர் மேல பழி போடலாம், மாமியார் மேல போடலாம். அங்க யாரு இருக்கா? தன் மனசைத்தான் பாத்தாகணும்.

1960-கள்ல ஆரோன் பெக்னு அமெரிக்க மனநல மருத்துவர், எண்ணங்கள் தானா வந்து விழுது, அதை எழுதிப் பாருங்க, கேள்வி கேளுங்கன்னாரு. நல்லது. எவாக்ரியுஸ் என்ன சொன்னாரு? எண்ணம் வர்றது நம்ம கையில இல்ல, அது தங்கறதும் போறதும் நம்ம கையில, எது எப்போ வருது, எது பின்னாடி எது வருதுன்னு கவனிச்சுக் குறிச்சுக்கோன்னாரு. உளவியல்காரங்க சோதனை பண்ணி நிரூபிச்சாங்களேன்னா ஆமா நிரூபிச்சாங்க, அது எதிரணி பாயிண்ட், நான் எதுக்குச் சொல்லணும்?

நடுவர் ஐயா மணியைத் தொடறாரு, இன்னும் ஒரே ஒருத்தர். மோசே, பைபிள்ல வர்றவர் இல்ல, இவரும் எகிப்து பாலைவனத் துறவி. துறவியாகறதுக்கு முன்னாடி கொள்ளைக்காரர், கும்பலே வச்சிருந்தவரு. ஸ்கேத்திஸ் பாலைவனத்துல ஒரு சின்னத் துறவி தப்பு பண்ணிட்டான்னு விசாரிக்கக் கூட்டம் போட்டாங்க. மோசே வரல. "எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்திருக்காங்க"ன்னு ஆளு போச்சு. ஒரு ஓட்டைக் குடத்துல தண்ணி நிரப்பித் தூக்கிட்டு வந்தாரு, வழியெல்லாம் ஒழுகுது. என்ன இதுன்னு கேட்டாங்க. "என் பாவமெல்லாம் எனக்குப் பின்னாடி ஒழுகிட்டே வருது, நான் அதைப் பாக்கல, இன்னைக்கு இன்னொருத்தன் தப்புக்குத் தீர்ப்பு சொல்ல வந்திருக்கேன்"னாரு.

இந்த அரங்கத்துல, கட்டினவங்ககிட்ட கூட சொல்லாத ஒரு தப்பை மனசுல வச்சுக்கிட்டு, எனக்கும் சேர்த்துக் கை தட்டிட்டு உக்காந்திருக்கிற யாரோ ஒருத்தர் இருக்கீங்க. உங்க பேரு எனக்கு வேணாம், விவரமும் வேணாம். அந்தக் குடத்தைத் தூக்கிட்டு ஒரு பெரிய மனுஷன் உங்களுக்காக நடந்து வந்தா எப்படி இருக்கும்? எங்க அம்மா அப்படித்தான் வருவாங்க, நான் என்ன பண்ணிட்டு வந்தாலும் முதல்ல சாப்பிட்டியான்னுதான் கேப்பாங்க. இதுல லாஜிக் எங்கன்னு எதிரணி கேக்கும், கேக்கட்டும்.

மோசே வந்தப்புறம் அந்தக் கூட்டம் ஒரு வார்த்தை பேசாம அந்தத் தம்பியை மன்னிச்சு அனுப்பிருச்சு, விசாரணையும் இல்ல தீர்ப்பும் இல்ல. நடுவர் ஐயா, நீங்க அப்படி எதுவும் பண்ணிடாதீங்க, எங்க அணிக்குத் தீர்ப்பைச் சொல்லிட்டு அப்புறம் எதிரணியை மன்னிச்சுக்கோங்க. நன்றி, வணக்கம்.