மாரடைப்புக்குப் பிறகு எத்தனை நாள் படுத்திருப்பது?

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும், மாரடைப்பிலிருந்து மீண்டு வந்திருக்கும் அன்பர்களுக்கும், அவர்களைக் கைப்பிடித்து அழைத்து வந்திருக்கும் குடும்பத்தாருக்கும் வணக்கம். இன்று நான் பேசப்போவது பெரும்பாலும் அந்த மூன்றாவது வரிசையினரிடம்தான்.

இயன்முறை மருத்துவர் என்ற முறையில் வார்டில் நான் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. அடைபட்ட இதய ரத்தக்குழாயை விரித்துவைக்கும் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவரை வீட்டுக்கு அனுப்பும் முன், 30 மீட்டர் இடைவெளியில் இரண்டு கூம்புகளை வைத்து, 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்ப்போம். அவர் நன்றாகத்தான் நடப்பார். கூடவே வரும் மனைவியோ அவருடைய முழங்கையை விடாமல் பற்றிக்கொண்டு, இரண்டாம் சுற்றிலேயே "போதும், வந்து படுங்க" என்பார்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மருத்துவர்களே அப்படித்தான் சொன்னார்கள். பழுதுபட்ட இதயத் தசை தழும்பாக இறுகும் முன் உடலை அசைத்தால் இதயச்சுவர் கிழிந்துவிடும் என்று அஞ்சி, 6 வாரம் வரை நோயாளியைப் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். அப்படிக் கிடந்தவர்களில் சிலருக்குக் காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலை அடைத்தது. 1952இல் அமெரிக்காவின் பாஸ்டனைச் சேர்ந்த இதய மருத்துவர்கள் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லவுனும், நோயாளியைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைக்கலாம் என்று எழுதினார்கள். வெறுமனே உட்காருவதுகூட அன்று துணிச்சலான சிகிச்சைதான்!

படுக்கை என்ன செய்யும் என்பதை 1966இல் டல்லாஸ் நகரில் அளந்து பார்த்தார்கள். ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கவைத்ததில், அவர்கள் உடல் பிராணவாயுவைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால்பங்குக்கு மேல் குறைந்துபோனது. 30 ஆண்டுகள் கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, முதுமை பறித்ததைவிட அந்த மூன்று வாரங்கள் பறித்ததே அதிகம் என்று தெரியவந்தது.

உடற்பயிற்சி செய்தால் செத்த தசை உயிர்பெறும் என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள், தழும்பு தழும்புதான். மாறுவது பெரும்பாலும் கால் தசைகளும் ரத்தக்குழாய்களின் உட்சுவரும். தசைகள் பிராணவாயுவை மேலும் திறமையாக எடுத்துக்கொள்ளப் பழகுவதால், அதே மாடிப்படியை இதயம் குறைந்த துடிப்பில் ஏறிவிடுகிறது. இதயம் தனக்கான ரத்தத்தைப் பெரும்பாலும் துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே, தளரும் நேரத்தில்தான் பெறுகிறது. துடிப்பு குறைந்தால் அந்த நேரம் நீள்கிறது.

எவ்வளவு வேகத்தில் நடப்பது? இதயத்தின் உச்சத் துடிப்பை அறிய 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு, நாடியை மட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்குப் பொருந்தாது. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. நான் கண்டவரை நோயாளிகள் மறக்காத அளவுகோல் இதுதான். விறுவிறுவென்று நடந்துவிட்டுச் சட்டென்று நிற்கவும் கூடாது, ஏனெனில் ரத்தம் கால்களிலேயே தேங்கித் தலைசுற்றும். கடைசி 5 நிமிடம் வேகத்தைத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும்.

இதில் பலன் உண்டா என்று கேட்பீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 85 ஆய்வுகளில் பங்கேற்ற 23,000க்கும் மேற்பட்டோரை வைத்து, இத்தகைய பயிற்சியால் இதயநோய் மரணமும் மறுபடி மருத்துவமனையில் சேர நேர்வதும் குறைவதாகக் காட்டியது. நம் நாட்டில் 24 மருத்துவமனைகளில் ஏறத்தாழ 4,000 பேரிடம் யோகா சார்ந்த மறுவாழ்வுப் பயிற்சி சோதிக்கப்பட்டது. மரணத்தையும் மறு மாரடைப்பையும் அது குறைப்பதாக உறுதிப்படவில்லை, ஆனால் பயிற்சி பெற்றவர்கள் பழைய வேலைகளுக்கு அதிகம் திரும்பினார்கள். டிரெட்மில் இல்லாத ஊர்களுக்கு அதுவே சிறிய செய்தியல்ல.

அந்த அம்மா என்னிடம் கேட்பது வேறு. "நடக்கும்போது ஏதாவது ஆகிவிட்டால்?" கேட்க வேண்டிய கேள்விதான். நெஞ்சில் வலியோ இறுக்கமோ, குப்பென்ற வியர்வையோ, தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி உட்காரவையுங்கள். மருத்துவர் தந்திருந்தால் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையைக் கொடுங்கள். 5 நிமிடத்தில் தணியாவிட்டால் 108ஐ அழையுங்கள். மாத்திரை உங்கள் கைப்பையில் இருக்கட்டும். முழங்கையை மட்டும் விட்டுவிட்டு, பேச்சுக் கொடுத்தபடி பக்கத்தில் நடந்து வாருங்கள். பதில் சொல்ல அவருக்கு மூச்சு போதவில்லையென்றால், வேகம் அதிகம் என்பது முதலில் உங்களுக்குத்தான் தெரியும்.