கராச்சியில் எழுதி அலகாபாத்தில் அச்சான உளவாளிகள்

[திரையில்: பழைய உருது நாவல் அட்டைகள், ஒன்றன் பின் ஒன்றாக]

1963 நவம்பர். லால் பகதூர் சாஸ்திரி ஒரு துப்பறியும் நாவலை வெளியிடுகிறார். காமராஜ் திட்டப்படி உள்துறை அமைச்சர் பதவியை விட்டு அவர் விலகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நாவலின் பெயர் 'டேட் மத்வாலே'. எழுதியவர் இருப்பது கராச்சியில். பாகிஸ்தான்காரர் எழுதிய மர்ம நாவலுக்கு இந்தியாவின் முன்னாள் உள்துறை அமைச்சர் வெளியீட்டு விழா நடத்துகிறார். ஒரே வாரத்தில் இரண்டாம் பதிப்பும் வந்துவிட்டது.

யார் இந்த எழுத்தாளர்? பெயர் இப்னே சஃபி. நிஜப் பெயர் அஸ்ரார் அகமது. 1928இல் அலகாபாத் மாவட்டத்தில் நாரா என்ற ஊரில் பிறந்தவர். முதலில் கவிஞர், கூடவே நையாண்டிக் கட்டுரைகள். ஒரு இலக்கிய அரட்டையில், "உருதுவில் ஆபாசம் இருந்தால்தான் புத்தகம் விற்கும்" என்று யாரோ சொல்ல, இவர் மறுத்திருக்கிறார். அந்த வீம்பில் பிறந்ததுதான் 'ஜாசூசி துனியா' என்ற மாத நாவல் வரிசை. அலகாபாத்தில் நண்பர் அப்பாஸ் ஹுசைனி பதிப்பிக்க, 1952 மார்ச்சில் முதல் நாவல் வந்தது.

உருதுவில் துப்பறியும் கதை அதற்கு முன்பே இருந்தது. ஜஃபர் உமர் என்ற போலீஸ் அதிகாரி 1916இலேயே 'நீலி சத்ரி' எழுதியிருந்தார். தீரத் ராம் ஃபிரோஸ்புரி ஆங்கில மர்மக் கதைகளை மூட்டை மூட்டையாக மொழிபெயர்த்துக் குவித்திருந்தார். ஆனால் அவை பெரும்பாலும் வெளியூர்ச் சரக்கு. இப்னே சஃபியின் முதல் கதைக்கருவும் விக்டர் கன் என்ற ஆங்கில எழுத்தாளரிடம் எடுத்ததுதான், அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அதைச் சுற்றி நின்ற ஆட்கள் மட்டும் அவர் சொந்தம்: சுருட்டும் கையுமாக, பெண்கள் பக்கமே திரும்பாத பணக்காரத் துப்பறிவாளர் ஃபரீதி, அவருக்கு நேர் எதிராக, பெண்களைக் கண்டால் வழிகிற உதவியாளர் ஹமீத். இந்த ஹமீத் புக்ரா கான் என்ற பெயரில் ஒரு ஆடு வேறு வளர்க்கிறான்!

வரிசை தொடங்கிய அதே வருடம் ஆகஸ்டில் குடும்பத்தோடு கராச்சிக்குப் போய்விட்டார். பிரிவினை முடிந்து ஐந்து வருடம். வேறொருவர் என்றால் அத்தோடு இந்திய வாசகர்களுக்கு முழுக்குப் போட வேண்டியதுதான். இவர் கராச்சியிலிருந்து எழுதி அனுப்ப, அலகாபாத்தில் அச்சாகிக்கொண்டே இருந்தது. 1955இல் இரண்டாவது வரிசையான 'இம்ரான் சீரீஸ்' வந்தது. இரண்டையும் சேர்த்தால் 245 நாவல்கள்.

சரி, இம்ரானிடம் அப்படி என்ன இருக்கிறது?

[திரையில்: டெலிபோன் மணி]

அலி இம்ரான் ஆக்ஸ்ஃபோர்டில் டாக்டர் பட்டம் வாங்கியவன். பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. கண்ணைக் கூசும் நிறத்தில் உடை, வாயில் சூயிங்கம், பேச்செல்லாம் உளறல். உளவுத்துறைப் பெரும் அதிகாரியான அப்பா பொறுக்க முடியாமல் வீட்டை விட்டே துரத்திவிட்டார். சமையல்காரன் சுலைமானோடு ஒரு ஃபிளாட்டில் இருக்கிறான். அந்த சுலைமானும் இவனை மதிப்பதில்லை. ஆனால் நாட்டின் ரகசியச் சேவைக்குத் தலைவர் ஒருவர் உண்டு. முகம் காட்டாதவர், எக்ஸ்-டூ என்று பெயர், ஃபோனில் குரல் மட்டும் வரும். அந்த எக்ஸ்-டூவே இம்ரான்தான், கீழே வேலை செய்பவர்களுக்கு அது தெரியாது. தன்வீர் என்ற உளவாளி இம்ரானை நேரில் கண்டபடி திட்டுவான். ஃபோனில் எக்ஸ்-டூ குரல் வந்தால் அவனுக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். வாசகருக்கு மட்டும் ரகசியம் தெரியும் என்பதால் ஒவ்வொரு திட்டும் ஒரு நகைச்சுவைக் காட்சியாகிவிடுகிறது. என்னைக் கேட்டால், இம்ரான் துப்பாக்கிக் குண்டிலிருந்து தப்பும் வித்தைகளைவிட இந்த ஃபோன் காட்சிகள்தான் சுவை.

இன்னொரு விஷயம் கவனியுங்கள். கதை நடப்பது எந்த நாடு? பெரும்பாலும் சொல்லவே மாட்டார். தலைநகர், கடற்கரை, கிளப், அவ்வளவுதான். பெரிய எதிரியும் பக்கத்து நாடு கிடையாது. ஜீரோ லேண்ட் என்று உலகையே ஆளத் துடிக்கும் ஒரு கும்பல், அதில் தெரேசியா என்ற மாயக்காரி. இரண்டு நாடுகளும் 1965லும் 1971லும் போரே நடத்தின. ஆனால் இரு பக்க வாசகரும் இம்ரானைத் தங்கள் ஊர்க்காரனாகவே நினைத்துப் படிக்க முடிந்ததற்கு இந்த மௌனம் பெரிய காரணம் என்று தோன்றுகிறது. இந்திப் பதிப்பில் ஒரு படி மேலே போய், ஃபரீதியை வினோத் ஆக்கினார்கள், இம்ரானை ராஜேஷ் ஆக்கினார்கள். ஹமீத் ஹமீதாகவே இருந்தான்.

1960இலிருந்து மூன்று வருடம் அவர் எழுதவில்லை. ஸ்கிட்சோஃப்ரீனியா என்ற மனநோய். அந்த இடைவெளியில் கிட்டத்தட்ட அவர் பெயர் போலவே ஒலிக்கும் பெயர்களில் போலி நாவல்கள் கடைகளில் குவிந்தன. குணமாகி அவர் எழுதிய முதல் நாவல்தான் சாஸ்திரி வெளியிட்டது. அவ்வளவு பரபரப்பு ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். 1980 ஜூலை 26, தன் பிறந்தநாளன்றே கராச்சியில் இறந்தார்.

அப்புறம் இம்ரான் பலர் கைக்குப் போனான். அதிகம் எழுதியவர் முல்தான் வக்கீல் மஸ்ஹர் கலீம். அவருடைய இம்ரான் வேலை செய்யும் நாடு பாகேஷியா. எதிரி நாடு காஃபிரிஸ்தான். எந்த நாடுகள் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். வேகம் இருக்கும், விற்பனையும் இருந்தது. ஆனால் அந்த இம்ரானை அலகாபாத்தில் உட்கார்ந்து தங்கள் ஆள் என்று யார் படிப்பார்கள்?

உருது தெரியாதவர்கள் எங்கே தொடங்கலாம்? தமிழ் மர்மக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்த சென்னை பிளாஃப்ட் பதிப்பகமே 2011இல் நான்கு 'ஜாசூசி துனியா' நாவல்களையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. மொழிபெயர்த்தவர் ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி, உருதுவின் மிகப் பெரிய விமர்சகர்களில் ஒருவர். அவரும் அலகாபாத்காரர்தான். நான்கில் 'டாக்டர் டிரெட்'டை முதலில் எடுங்கள்.