கொழுப்புக்கும் கருவளத்துக்கும் என்ன பேச்சு?

நேயர்களுக்கு வணக்கம். உடம்பில் சேரும் கொழுப்புக்காகப் பரிந்து பேச யாரும் வருவதில்லை. இன்று கொஞ்ச நேரம் நான் பேசிப் பார்க்கிறேன்.

மிஞ்சிய சத்தை வாங்கி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது எடுத்துக் கொடுக்கும் கிடங்கு. கொழுப்புத் திசுவை மருத்துவ உலகம் நெடுங்காலம் பெரும்பாலும் அப்படித்தான் பார்த்தது. 1994இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு, ஓயாமல் தின்று பருக்கும் ஒரு வகை எலியிடம் பழுதாகியிருந்த மரபணுவைக் கண்டுபிடித்தது. அந்த மரபணு தயாரிக்கும் ஹார்மோன்தான் லெப்டின். அதைச் சுரப்பது கொழுப்புச் செல்களே. கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சேதி சொல்வது அதன் வேலை.

பசி, எடை என்று இந்தக் கதை ஊரெல்லாம் பரவியது. ஆனால் எனக்குச் சுவையாகப் படுவது இன்னொன்று. அந்த எலிகள் குட்டி போடுவதில்லை. தீனியைக் குறைத்து இளைக்க வைத்தாலும் பெண் எலிகள் கருத்தரிக்கவில்லை. லெப்டின் ஊசி போட்ட பிறகுதான் தரித்தன. ஆக, தடை எடையில் இல்லை. சேதி போகாததில்தான் இருந்தது. மனிதர்களிலும் அபூர்வமாகச் சிலர் லெப்டின் சுரக்காமலே பிறக்கிறார்கள். உடம்பு பெருத்துக்கொண்டே போகும், பருவம் மட்டும் வராது. லெப்டின் கொடுத்தால், உரிய வயதில் வருகிறது.

உடம்பு ஏன் இவ்வளவு கறாராகக் கணக்குப் பார்க்கிறது? ஒரு கர்ப்பத்துக்குக் கூடுதலாக ஏறக்குறைய 80,000 கலோரி வேண்டும். அப்புறம் தாய்ப்பால் கொடுக்கத் தினமும் சுமார் 500 கலோரி. கையிருப்பு போதாது என்று தெரிந்தால், மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி தன் ஹார்மோன் துடிப்புகளைத் தளர்த்திவிடும், சினைப்பைக்குக் கட்டளை போகாது, மாதவிடாய் நிற்கும். கடுமையாகப் பயிற்சி செய்யும் வீராங்கனைகளிடம் இதைப் பார்க்கிறோம். எடை சரியாக இருப்பவர்களுக்கும் இது வரலாம். சேமிப்போடு, அன்றன்றைய வரவு செலவையும் மூளை பார்க்கிறது.

சரி, இது கொழுப்பு சொல்லி மூளை கேட்பது. கொழுப்பு தானே ஹார்மோன் தயாரிப்பதும் உண்டு. அதில் அரோமட்டேஸ் என்றொரு நொதி இருக்கிறது; அது ஆண்மை ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோனாக மாற்றும். மாதவிடாய் முற்றிலும் நின்ற பெண்களுக்கு, சினைப்பை ஓய்ந்த பிறகு, ஈஸ்ட்ரோஜன் பெரும்பகுதி கொழுப்பிலிருந்துதான் வருகிறது. அந்த வயதில் வரும் மார்பகப் புற்றுநோய்களில், ஈஸ்ட்ரோஜனை நம்பி வளரும் வகைக்கு இந்த நொதியை முடக்கும் மாத்திரைகளைக் கொடுப்பது இதனால்தான்.

கொழுப்பு எங்கே தங்க வேண்டும் என்பதிலும் ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்கு உண்டு. அது தாராளமாக இருக்கும்வரை இடுப்பிலும் தொடையிலும் தோலுக்கடியில் சேரும். குறைந்ததும் வயிற்றுக்குள், உறுப்புகளைச் சுற்றிச் சேரத் தொடங்கும். சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் நெருக்கமானது இந்த வயிற்றுக் கொழுப்புதான். ஐம்பதைத் தாண்டிய பெண்ணிடம் "சாப்பாட்டைக் குறை" என்று மட்டும் சொல்லி முடிப்பது பாதி உண்மையைச் சொல்வதுதான்.

இளம்பெண்களின் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையில் (PCOS) இன்சுலினும் சேர்ந்துகொள்கிறது. இன்சுலின் மிகுந்தால் சினைப்பை ஆண்மை ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். கருமுட்டை வெளிவருவது தடைபடும். உடல் எடை கூடியவர்களுக்கு 5 சதவீதம் குறைந்தாலே சிலருக்குச் சுழற்சி சீராகிறது. ஒல்லியானவர்களுக்கும் இந்தக் கோளாறு உண்டு. அவர்களிடம் போய் இளைக்கச் சொல்வதில் பொருளில்லை.

ஆண்கள் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். தொப்பை பெருக்கப் பெருக்க டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்மை ஹார்மோன் இறங்குகிறது. அது இறங்கினால் தசை குறைந்து கொழுப்பு இன்னும் ஏறுகிறது. நல்ல வேளையாக, இந்தச் சுழல் எதிர்த்திசையிலும் ஓடும்: எடை கணிசமாகக் குறைந்தவர்களுக்கு, அந்த ஹார்மோனை ஊசியாகப் போடாமலே டெஸ்டோஸ்டிரோன் அளவு மேலே வருகிறது.