காலரா நஞ்சைக் கண்டறிந்த சம்புநாத் தே

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காலரா என்றதும் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக்கின் பெயரைத்தான் பாடநூல்கள் முதலில் சொல்லும். 1884ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தங்கி, இந்நோய்க்குக் காரணமான வளைந்த கிருமியைப் பிரித்தெடுத்தவர் அவர். ஆனால், அக்கிருமி மனித உடலுக்குள் என்ன செய்து உயிரைப் பறிக்கிறது என்பது அதன் பின்னரும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் தெளிவாகவில்லை. அதைத் தெளிவாக்கியவர் அதே கல்கத்தாவில் பணியாற்றிய மருத்துவர் சம்புநாத் தே. 1915இல் ஹூக்ளி மாவட்டத்தில் பிறந்த இவர், லண்டனில் முனைவர் பட்டம் பெற்று, 1949இல் ஊர் திரும்பி, காலரா ஆய்வில் இறங்கினார்.

அந்நாளில் பல ஆய்வாளர்கள் கிருமியை விலங்குகளின் இரத்தத்திலோ வயிற்றறையிலோ செலுத்திப் பார்த்தார்கள். விலங்குகள் இறந்தனவே தவிர, காலராவுக்கே உரிய பேதி உண்டாகவில்லை. நோயாளியோ அரிசி கழுவிய நீரைப் போல லிட்டர் கணக்கில் வெளியேற்றி வறண்டு போகிறார். அப்படியானால் சோதனையையும் குடலுக்குள்ளேயே நடத்த வேண்டும் என்று தே கருதினார். மயக்கமூட்டிய முயலின் வயிற்றைத் திறந்து, சிறுகுடலின் ஒரு துண்டை இரு முனைகளிலும் நூலால் கட்டி, இரத்த ஓட்டம் கெடாதபடி விட்டு, அதனுள் காலராக் கிருமிகளைச் செலுத்தி, வயிற்றை மீண்டும் தைத்து மூடினார். மறுநாள் திறந்து பார்த்தால், கிருமி செலுத்திய துண்டு நீர் நிரம்பிப் பருத்திருக்கும். கிருமியற்ற திரவம் செலுத்திய துண்டு சுருங்கியே கிடக்கும். 1953இல் வெளியான இம்முறைக்கு நூலும் ஊசியும் முயலுமே போதும் என்பது, வசதி குறைந்த ஆய்வுக்கூடத்தில் உழைத்தவருக்குப் பொருத்தமாகவே அமைந்தது.

கிருமியின் உடலே கேடு செய்கிறதா, அது வெளியே சுரக்கும் நஞ்சா என்ற வினா எஞ்சியிருந்தது. கிருமி செத்துச் சிதையும்போதுதான் நஞ்சு வெளிப்படுகிறது என்பதே அன்று பரவலாக நிலவிய கருத்து. தே கிருமிகளை வளர்த்த நீரை வடிகட்டி, கிருமி ஒன்றுகூட இல்லாத வடிநீரை மட்டும் முயலின் குடலில் செலுத்தினார். குடல் அப்போதும் நீரால் நிரம்பியது. உயிருள்ள கிருமி வெளியிடும் நஞ்சே குடலிலிருந்து நீரை வரவழைக்கிறது என்ற இம்முடிவு, 1959இல் 'நேச்சர்' இதழில் சிறு கட்டுரையாக வெளிவந்தது. பத்தாண்டுகள் கழித்து அமெரிக்காவில் அந்நஞ்சைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார்கள்.

நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க், தேயின் பெயரை அப்பரிசுக்கு ஒருமுறைக்கு மேல் பரிந்துரைத்தார். 1978இல் காலரா குறித்த நோபல் கருத்தரங்குக்கும் தே அழைக்கப்பட்டார். ஆனால், நம் நாட்டு அறிவியல் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை; அதை மறதி என்று சொல்லி என்னால் கடந்துபோக இயலவில்லை. அவர் 1985இல் காலமானார். பெங்களூரிலிருந்து வெளிவரும் 'கரண்ட் சயின்ஸ்' இதழ் அவருக்கென ஒரு சிறப்பிதழைக் கொண்டுவந்தது, அதற்கும் ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான்.