மரம் ஏறுபவருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா?

நேயர்களுக்கு வணக்கம். ஐப்பசி பிறந்தால் கடலூரிலும் புதுச்சேரியிலும் வீட்டோர மரத்தை அண்ணாந்து பார்க்காதவர்கள் குறைவு. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையைக் கடந்தது நம் இரண்டு ஊர்களுக்கும் நடுவில்தான். 2024 நவம்பர் 30-ஆம் தேதி வந்த ஃபெஞ்சலும் புதுச்சேரியை ஒட்டித்தான் கரை கடந்தது. கூரைப் பக்கம் சாய்ந்த தென்னையை எடுத்துவிட நினைப்பது நியாயம். ஆனால், யாரை வைத்து எடுப்பது என்பதில் அவசரப்படுகிறோம்.

மரம் வெட்டத் தனி லைசென்ஸ் நம் ஊரில் யாரும் வைத்திருப்பதில்லை. அதனால் ஆளைத்தான் விசாரிக்க வேண்டும். அவர் அண்மையில் வேலை செய்த இரண்டு வீடுகளைக் கேளுங்கள், போய்ப் பாருங்கள். நல்ல மேஸ்திரி மரத்தை ஒரு சுற்று சுற்றி வராமல் விலை சொல்ல மாட்டார். அடியில் பொந்து இருக்கிறதா, மின்கம்பி எந்தப் பக்கம் போகிறது, எங்கே இறக்கலாம் என்று பார்ப்பார். கம்பி அருகில் இருந்தால், மின்துறையிடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் ஏறுவேன் என்பார். அப்படிச் சொல்பவரை விடாதீர்கள்.

'கூலி வேண்டாம், மரத்தை எடுத்துக்கொள்கிறேன்' என்பவரிடம் எனக்குத் தயக்கம் உண்டு. அவருக்கு வேண்டியது அடிமரம். கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்க நேரம் பிடிக்கும். முழுசாகச் சாய்த்தால் வேலை சீக்கிரம் முடியும். இடிவது உங்கள் மதிலோ பக்கத்து வீட்டு ஓடோ.

சரி, இன்சூரன்ஸுக்கு வருகிறேன். இதைக் கேட்கப் பலருக்குக் கூச்சம். ஏறுகிறவர் தவறி விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? தொழிலாளர் இழப்பீட்டுப் பொறுப்பு பொதுவாக வேலைக்கு வைத்தவர் மேல் விழும். கான்ட்ராக்டர் பெயரில் அதற்கான பாலிசி இருந்தால் அதை வாங்கிப் பாருங்கள். முடியும் தேதியையும், எத்தனை ஆட்களுக்கு என்பதையும் படியுங்கள். நடுவில் ஆள் இல்லாமல் நீங்களே தினக்கூலிக்கு அழைத்தால், அந்தப் பொறுப்பு உங்கள் வாசலுக்கே வரலாம்.

கிரேன் வந்தால் வண்டியின் இன்சூரன்ஸை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். சாலையில் ஓடும்போது நடக்கும் விபத்துக்கு அது போதும். தூக்கும்போது கிரேன் கவிழ்ந்தால், தனியாகச் சேர்த்திருந்தால்தான் பல பாலிசிகளில் பணம் கிடைக்கும். அதைக் குறிப்பாகக் கேளுங்கள்.

நம் பக்கத்து மரம் வெட்டுபவர்களில் பலரிடம் எந்தப் பாலிசியும் இல்லை என்பதும் உண்மை. அதற்காக அவர்களை ஒதுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் ஆண்டுக்கு 20 ரூபாய்தான் பிரீமியம். 18 முதல் 70 வயது வரை, வங்கிக் கணக்கு உள்ளவர்கள் சேரலாம். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். ஒரு குடும்பத்துக்கு அது போதாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஒன்றுமில்லாமல் ஏறக்கூடாது. வேலை பேசும்போதே 'அண்ணே, பேங்கில் இதைப் போட்டிருக்கீங்களா?' என்று கேளுங்கள். இல்லையென்றால் பாஸ்புக்கோடு அழைத்துப் போய்ச் சேர்த்துவிட்டு, அப்புறம் மரத்தைக் காட்டுங்கள். வணக்கம்.