சந்தா இங்கே, ஓட்டு அங்கே

வணக்கம் மக்களே. கடல்காற்று கொஞ்சம் பலமாக இருக்கிறது, குரல் சரியாக விழவில்லை என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரி ரயில் நிலையத்துக்கு எதிரே, சுப்பையா சாலையில் நிற்கிறேன். இன்றைக்கு ஜூலை 30. இந்தத் தேதியில் வருஷாவருஷம் தியாகிகளைப் பற்றிப் பேசுவேன். இந்த வருஷம் காங்கிரஸைப் பற்றிப் பேசப்போகிறேன்.

நேற்று டீக்கடையில் ஒரு நண்பர் கேட்டார். "நீயோ சிவப்புக் கொடி. பாஜகவை விட்டுவிட்டு எதற்குக் காங்கிரஸையே நோண்டுகிறாய்?" நியாயமான கேள்விதான். ஆனால் பாஜகவிடம் எனக்கு எந்த எதிர்பார்ப்பும் இருந்ததில்லை. ஏமாற்றம் என்பது நம்பிய இடத்தில்தானே வரும்?

இப்படியே கிழக்கே நடந்துகொண்டு பேசுவோம், பீச் ரோட்டுக்குப் போய்விடலாம்.

1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள் மேல் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டது. 12 பேர் செத்தார்கள். பிற்காலத்தில் நாம் சுதேசி மில் என்று சொன்னோமே, அதே மில்தான். அடுத்த வருஷமே 8 மணி நேர வேலை சட்டமாக வந்தது. ஆசியாவிலேயே முதல் என்று எங்கள் தோழர்கள் மேடைக்கு மேடை சொல்வார்கள். அந்தப் போராட்டத்தை நடத்தியவர் கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா. அவர் பெயர்தான் இந்தச் சாலைக்கு.

சரி, இந்தச் சாலையில் நேராகப் போனால் வரும் கடற்கரைச் சாலைக்கு என்ன பெயர்? பீச் ரோடு என்பீர்கள். பலகையைப் பாருங்கள், குபேர் அவென்யூ. எதுவார் குபேர், 1951இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குப் போனவர். வெள்ளைக்காரன் ஆட்சிக்குத் துணை நின்ற கட்சியின் முன்னணித் தலைவர். 1954 மார்ச்சில் காற்று மாறியது தெரிந்ததும் இந்தியாவோடு இணைய வேண்டும் என்று இந்தப் பக்கம் தாவினார். 1963இல் யூனியன் பிரதேசத்தின் முதல் முதலமைச்சர் யார்? அதே குபேர்தான், காங்கிரஸ்காரராக! பெரிய மார்க்கெட்டுக்கும் அவர் பெயர்தான். எங்கள் ஆளுக்கு ஸ்டேஷன் ரோடு, அவருக்குக் கடற்கரை.

என் வாதமே இவ்வளவுதான். ஊரில் யார் கை ஓங்குகிறதோ அவரைக் காங்கிரஸ் உள்ளே இழுத்துக்கொள்ளும். கொள்கை என்ன என்று கேட்காது. அப்படி வந்தவர்கள் வேறு எங்காவது கை ஓங்கினால் அங்கே போய்விடுவார்கள். அப்போது மட்டும் "துரோகம்" என்று அழும்.

ரங்கசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். 2001இலிருந்து 2008 வரை காங்கிரஸ் முதல்வர். 2011இல் என்.ஆர். காங்கிரஸ் ஆரம்பித்தார், 2021இல் பாஜகவோடு ஆட்சி அமைத்தார். நமச்சிவாயம் காங்கிரஸின் மாநிலத் தலைவராகவே இருந்தவர், முதல்வர் நாராயணசாமியின் அமைச்சரவையில் பொதுப்பணித்துறை. 2021 ஜனவரியில் பாஜகவுக்குப் போனார், அதே வருஷம் உள்துறை அமைச்சர். 2016இல் நாராயணசாமி சட்டமன்றத்துக்கு வர நெல்லித்தோப்புத் தொகுதியை விட்டுக்கொடுத்த ஜான்குமாரும் 2021இல் ராஜினாமா செய்துவிட்டுப் பாஜகவுக்குத்தான் போனார். 2016இல் 15 இடம் வைத்திருந்த கட்சி 2021 தேர்தலில் 2க்கு வந்தது.

மத்திய அரசு செய்த அழிச்சாட்டியத்தை நான் மறைக்கவில்லை. கவர்னர் கிரண் பேடியை வைத்து ஆட்சியை நகரவிடாமல் செய்தது, மூன்று நியமன எம்எல்ஏக்களை உள்ளே விட்டது, எல்லாம் உண்மைதான். ஆனால் வீட்டுக் கதவில் தாழ்ப்பாள் இல்லாததற்குத் திருடனை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்?

மில் விஷயத்துக்கு வருகிறேன். என் தாத்தா பஞ்சாலைத் தொழிலாளி. எந்த மில் என்று சொல்லப்போவதில்லை, அது வேறு சண்டை. இதோ, கேமராவுக்குக் கொஞ்சம் கிட்டே காட்டுகிறேன். அவருடைய பித்தளை டோக்கன். ஓட்டை போட்டு அரைஞாண் கயிற்றில் கட்டியிருப்பார், எண் தேய்ந்து கடைசி இரண்டு இலக்கம்தான் தெரிகிறது. காலைச் சங்கு ஊதும்போது பழைய சோற்றுப் பாத்திரத்தோடு வாசலில் நிற்பார் என்று பாட்டி சொல்லும். சங்கச் சந்தாவை மாதம் தவறாமல் கட்டினவர். சுவரில் சுப்பையா படம். தேர்தல் வந்தால் ஓட்டு மட்டும் கைக்கு! ஏன் தாத்தா என்றால், "சங்கம் கூலி வாங்கித் தரும், கை காப்பாத்தும்" என்பார்.

காப்பாற்றவே இல்லை என்று சொன்னால் அது பொய். ரோடியர் மில்லை, அதாவது ஏஎஃப்டியை, 1986இல் அரசு எடுத்துக்கொண்டது, ஆண்டது காங்கிரஸ். அதே ஏஎஃப்டி 2020 ஏப்ரல் கடைசியில் மூடப்பட்டபோது ஆண்டதும் காங்கிரஸ்தான். கவர்னர் தடுத்தார் என்றார்கள், இருக்கட்டும். முப்பது வருஷத்துக்கு மேல் அரசு கையில் இருந்த மில்லில் புது இயந்திரம், புது சந்தை என்று யோசிக்க எந்தக் கவர்னர் தடுத்தார்? என்.ஆர். காங்கிரஸுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அதுவும் இதே வயிற்றில் பிறந்த பிள்ளை.

எங்கள் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் தோழர்களே சிரிப்பார்கள். 2021இல் காங்கிரஸ் கூட்டணியில் எங்கள் கட்சி சிபிஐக்குத் தட்டாஞ்சாவடித் தொகுதி கிடைத்தது. எதிரே நின்றவர் யார்? ரங்கசாமி! கிடைத்த ஒரு சீட்டும் அதுதான். வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வந்தோம். மில் வாசலில் நின்ற கட்சி இப்போது அடுத்த கட்சி ஆபீஸ் வாசலில் சீட்டுக்கு நிற்கிறது.

2024 மக்களவைத் தேர்தலில் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கைக்குத்தான் போட்டேன். நமச்சிவாயத்தைக் காங்கிரஸின் வைத்திலிங்கம் 1 லட்சத்து 36 ஆயிரத்துக்கு மேல் வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார், அதில் என்னுடையதும் ஒன்று. பூத்தை விட்டு வெளியே வந்து விரல் மையைப் பார்த்தபோது தாத்தா ஞாபகம்தான் வந்தது.

பீச் ரோடு வந்துவிட்டது. இந்தப் பலகையை ஒரு ஷாட் எடுத்துக்கொண்டு கடலூர் ரோட்டுக்குப் போகிறேன், தியாகிகளுக்கு மாலை போடும் நேரம் ஆகிவிட்டது.