ஸ்வாப் ரிப்போர்ட்டைக் கட்டிக்கிட்டு அழாதீங்க!

வணக்கம் மக்களே. போன வீடியோ கமெண்ட்ல முக்கால்வாசிப் பேர் ஒரே பாட்டு: "தீப்புண்ணைப் பஞ்சுக் குச்சியால தடவி எடுத்த ஸ்வாப்ல கிருமி வந்திருக்கு, கிராஃப்ட் போடலாமா, அதாவது வேற இடத்துத் தோலை எடுத்து ஒட்டலாமா?" எனக்கும் ஸ்வாப்புக்கும் ஆகாதுன்னு தெரிஞ்சும் கேக்குறீங்க பாருங்க!

கிருமி இல்லாத தீப்புண்ணே கிடையாது. மயிர்க்கால்லயும் வேர்வைச் சுரப்பிலயும் ஒளிஞ்சிருந்த ஸ்டஃபைலோகாக்கஸ் 48 மணி நேரத்துலயே மேல வந்துரும். ஒரு வாரம் ஆகுறதுக்குள்ள சூடோமோனாஸும் எட்டிப் பாக்கும். ஸ்வாப் மேலாப்புல தடவிட்டு வந்து 'இருக்கு'ன்னு சொல்லும், அவ்வளவுதான். எவ்வளவு இருக்கு? அதுக்குத் துளி திசுவை வெட்டி, எடை போட்டு, அரைச்சு வளர்த்து எண்ணணும். 1973-ல ராப்சன், கிரைசெக்னு ரெண்டு சர்ஜனுங்க எண்ணிப் பாத்தாங்க. ஒரு கிராம் திசுவுல கிருமி 1 லட்சத்துக்குக் கீழ இருந்தப்ப 94 சதவீதம் கிராஃப்ட் ஒட்டுச்சு. மேல போனப்ப 19 தான். பத்தொன்பது!

ஏன்னா, புதுத் தோலுக்கு முதல் ரெண்டு நாள் ரத்த ஓட்டமே இல்ல. அடியில கசியுற நீரை உறிஞ்சித்தான் பிழைக்குது. பிடிச்சு வச்சிருக்குற பசை ஃபைப்ரின். கிருமியோட நொதி அந்தப் பசையைக் கரைக்கும், சீழ் தோலைத் தூக்கிவிட்டுரும். அப்புறம் ரத்தக்குழாய் எங்க போய்க் கோத்துக்கும்? வலை மாதிரி ஓட்டை ஓட்டையா வெட்டி விரிச்சு ஒட்டுற மெஷ் கிராஃப்ட்ல இன்னொரு தலைவலி. ஓட்டை மூட ஓரத்துலேருந்து கெரட்டினோசைட், அதான் மேல்தோல் செல், நகர்ந்து வரணும். ஸ்டஃபைலோவோட ஆல்ஃபா டாக்சின்ங்குற நச்சு, அந்த செல்லுங்களைக் கோத்திருக்குற ஈ-கேதரின்ங்குற புரதத்தை அறுபட வைக்கும். சூடோமோனாஸோட எலாஸ்டேஸ்ங்குற நொதி, செல் ஊர்ந்து வர்ற தரையையே அரிச்சிரும்.

அய்யோ, முக்கியமானதை விட்டுட்டேன். பீட்டா ஹீமோலிட்டிக் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்! இந்த லட்சக் கணக்கு அதுகிட்ட செல்லாது. கொஞ்சம் இருந்தாலே போதும், ஸ்ட்ரெப்டோகைனேஸ்ங்குற நொதியை விட்டு ஃபைப்ரினை உருக்கிரும். அது வந்தா முதல்ல அதை ஒழிங்க, கிராஃப்ட் அப்புறம். சரி சரி, இந்த ஒண்ணுக்கு ஸ்வாப் தேவைதான். ஒத்துக்கிறேன், சிரிக்காதீங்க.

அப்புறம் அந்த வெள்ளை சில்வர் சல்ஃபாடயஸின் கிரீம். கிராஃப்டுக்கு முன்னாடி புண்ணுல போடுங்க, சண்டைக்கு வரல. ஒட்டின புதுத் தோல் மேல அப்பாதீங்க, அது கெரட்டினோசைட்டையும் சேத்துத்தான் கொல்லும்.

முதல் டிரஸ்ஸிங்கைப் பிரிக்கிறப்ப சலைன் (உப்புக் கரைசல்) ஊத்தி நல்லா ஊறவிடுங்க. ஒரு கை கிராஃப்ட் ஓரத்தை அமுக்கிப் பிடிச்சிருக்கட்டும், மறு கையால கட்டைத் தோலோட படுத்தவாக்குல மடக்கி மடக்கி எடுங்க. பச்சைக் கறையும் திராட்சை வாசனையும் இருந்தா சூடோமோனாஸ்தான், அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிருங்க.